குழந்தையிடம் பாடம் கேட்ட பேராசிரியை: மரியா மொண்டிசோரி அம்மையார்

ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்புகள் தொடங்கும் வேளையில், நமது பாடசாலை வாயிலில் பெற்றோர் சிலர் தயங்கி நின்று ஒரு வினாவைக் கேட்பதுண்டு. பிள்ளை வெளியே நாள் முழுவதும் ஆங்கிலம் பேச வேண்டியிருக்கிறது. வீட்டில் தமிழும் பேசினால் அதன் அறிவு குழம்பிப் போகாதா, படிப்பில் பின்தங்கிவிடாதா என்பதே அவ்வினா. வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுமாறு பிறர் தமக்கு ஆலோசனை கூறியதாகவும் சிலர் சொல்வர். பிள்ளையின் நலன் கருதி எழும் இவ்வினாவுக்கு வெறும் மொழிப்பற்றினால் விடை கூறுதல் முறையன்று. ஆராய்ந்தவர்கள் கண்டது யாது என்பதைப் பார்த்தே விடை கூறல் வேண்டும். ஆதலால் இம்மலரில், குழந்தை எவ்வாறு கற்கிறது என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் உற்று நோக்கிய ஒரு பெருமாட்டியின் வரலாற்றை எழுத விழைந்தோம். அவர் பிறந்தது இத்தாலியில். எனினும் அவருடைய சிந்தனை கனிந்தது நம் தமிழ் மண்ணில் என்பதைப் பலர் அறியார்.

இளமையும் கல்வியும்

மரியா மொண்டிசோரி 1870 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 ஆம் நாள் இத்தாலியின் அங்கோனா மாகாணத்திலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அலெசாண்ட்ரோ அரசாங்க உத்தியோகத்தர். தாயார் ரெனில்தே நூல்களை விரும்பிப் படிப்பவர். ஒரே மகளான மரியாவின் கல்வியைக் கருதியும் தந்தையின் உத்தியோகத்தின் பொருட்டும் குடும்பம் உரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் இத்தாலியப் பெண்பிள்ளைகளுக்குக் கிடைத்த உயர்ந்த தொழில் ஆசிரியத் தொழில் ஒன்றே. மரியா அதனை விரும்பவில்லை. பதின்மூன்றாம் வயதில் ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பாடசாலையிற் சேர்ந்து பொறியியலாளராக எண்ணினார். பின்னர் வைத்தியராக வேண்டுமெனத் துணிந்தார். தந்தையார் இதனை விரும்பவில்லை. தாயார் மகளின் பக்கம் நின்றார். ஆண்களோடு ஒருங்கிருந்து பிணத்தை அறுத்துப் பயில்வது பெண்ணுக்குத் தகாதெனக் கருதப்பட்டமையால், மற்றை மாணவர் சென்றபின் மாலை வேளையிற் பிண அறையில் தனித்திருந்து அவர் பயில வேண்டியதாயிற்று. இத்தடைகளையெல்லாம் கடந்து 1896 ஆம் ஆண்டு உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் வைத்தியர்களுள் அவரும் ஒருவர். ஆசிரியத் தொழிலை வேண்டாமென ஒதுக்கிய அப்பெண்ணே பிற்காலத்தில் உலகின் ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியையானமை எண்ணி மகிழத்தக்கது.

கைவிடப்பட்ட பிள்ளைகளிடையே

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்தின் மனநோய்ச் சிகிச்சைப் பிரிவில் உதவி வைத்தியராகப் பணியாற்றினார். மனவளர்ச்சி குன்றியவர்கள் எனக் கருதப்பட்ட பிள்ளைகள் அந்நாளிற் பெரியவர்களோடு சேர்த்து மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்தனர். வெறுஞ் சுவர்களைத் தவிர அவர்கள் பார்ப்பதற்கு யாதுமில்லை. கையிலெடுத்து விளையாட ஒரு பொருளும் இல்லை. உணவு முடிந்தபின் தரையிற் சிந்திய பாண் துகள்களை அப்பிள்ளைகள் தேடிப் பொறுக்குவதைப் பராமரிப்புப் பெண் ஒருத்தி பேராசை என வெறுத்தாளாம். மொண்டிசோரி அதனை வேறு விதமாக நோக்கினார். அது வயிற்றின் பசியன்று, கையின் பசி, அறிவின் பசி எனக் கண்டார்.

பிரான்சு தேசத்தில் இத்தார், செகுவேன் என்னும் இரு வைத்தியர்கள் இத்தகைய பிள்ளைகளுக்குப் புலன்களின் வழியே கற்பிக்க முயன்றிருந்தனர். அவர்களுடைய நூல்களை மொண்டிசோரி தேடிக் கற்றார். ஆழ்ந்து விளங்குதற்பொருட்டு அவற்றைத் தம் கைப்பட இத்தாலிய மொழியில் எழுதியும் வைத்தார். 1900 ஆம் ஆண்டில் இப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றும் பாடசாலையொன்று உரோமாபுரியில் தொடங்கப்பட்டபோது அதன் பணிப்பாளர் இருவருள் ஒருவரானார். காலை முதல் மாலை வரை பிள்ளைகளோடிருந்து, இரவில் அன்று கண்டவற்றைக் குறித்து வைத்தார். கல்வி ஏறாதெனத் தள்ளப்பட்ட பிள்ளைகளுட் சிலர் எழுதவும் வாசிக்கவும் பயின்று, ஏனைய பிள்ளைகளுக்குரிய பொதுப் பரீட்சையிலும் சித்தியடைந்தனர். எல்லோரும் அவரைப் போற்றினர். அவருக்கோ வேறொரு கவலை பிறந்தது. குறையுள்ளதாகக் கருதப்பட்ட பிள்ளைகள் இவ்வளவு முன்னேறுவார்களாயின், குறையேதுமற்ற பிள்ளைகளைச் சாதாரணப் பாடசாலைகள் எவ்வளவு கீழே அமிழ்த்தி வைத்திருக்கின்றன என்பதே அக்கவலை.

சன் லொரென்சோவின் குழந்தைகள் இல்லம்

இதற்கு விடை காணும் வாய்ப்பு 1907 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள் கிட்டியது. உரோமாபுரியின் சன் லொரென்சோ என்பது வறிய தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. அங்கே கட்டட நிறுவனமொன்று குடியிருப்புகளைத் திருத்தியமைத்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பாடசாலை வயதடையாத சிறுவர்கள் படிகளிலும் நடைகளிலும் ஓடித் திரிந்து சுவர்களைப் பாழாக்கினர். அவர்களை ஓரறையிற் சேர்த்து வைத்தாற் பழுதுபார்க்குஞ் செலவு மீதமாகும் என நிறுவனத்தார் எண்ணினர். உலகப் புகழ்பெற்ற கல்வி முறையொன்று இவ்வாறு சுவரின் சுண்ணாம்பைக் காக்கும் பொருட்டே தொடங்கிற்று. ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அவ்வறையில் வந்து சேர்ந்தனர். அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர் ஆசிரியப் பயிற்சி பெறாத ஓர் இளம்பெண்.

அங்கே மொண்டிசோரி கண்டவை அவரையே வியப்பில் ஆழ்த்தின. மூன்று வயதுச் சிறுமியொருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளிற் பொருத்திக் கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பொருத்தி முடித்தவுடன் கலைத்துவிட்டு மீண்டும் பொருத்தினாள். மற்றைப் பிள்ளைகளைச் சுற்றிவரப் பாடச் செய்தும், அவளை இருக்கையோடு தூக்கி மேசைமீது வைத்தும் பார்த்தார். சிறுமி தலை நிமிரவில்லை. நாற்பது தடவைக்கு மேற் செய்து முடித்தபின், நன்கு உறங்கி விழித்தவள்போல் முகமலர்ச்சியோடு நிறுத்தினாள். சிறு குழந்தையின் கவனம் நிலைகொள்ளாது என்று உலகம் சொல்லிவந்தது. தக்க பொருளும் இடையூறற்ற நேரமும் கிடைத்தால் அது நிலைகொள்ளும் என்பதை அன்று அவர் அறிந்தார்.

இன்னொரு நாள் ஆசிரியை அலுமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். வந்து பார்க்கையிற் பிள்ளைகள் தத்தமக்கு வேண்டிய பொருள்களைத் தாமே எடுத்து வேலை செய்து கொண்டிருந்தனர். இதனைத் திருட்டு எனக் கருதித் தண்டிக்க முற்பட்டார் ஆசிரியை. மொண்டிசோரியோ, பிள்ளைகள் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் அறிவுடையோர் எனக் கண்டு, பூட்டிய உயர்ந்த அலுமாரியை நீக்கி, பிள்ளைகளின் கைக்கெட்டும் சிறிய தட்டுகளை அமைத்தார். மேசை கதிரைகளும் பிள்ளைகளின் உயரத்துக்கேற்பச் செய்யப்பட்டன. இன்று உலகெங்கும் பாலர் வகுப்புகளில் நாம் காணும் சின்னஞ்சிறு கதிரைகள் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

மற்றுமொரு நிகழ்ச்சியை நாம் அடிக்கடி நினைப்பதுண்டு. ஒரு நாள் மூக்குச் சிந்துவது எப்படி என்பதை மொண்டிசோரி பிள்ளைகளுக்குப் பாடமாகக் கற்பித்தார். கைக்குட்டையை எவ்வாறு மடிப்பது, ஓசையின்றி எவ்வாறு துடைப்பது என மெல்லச் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என எதிர்பார்த்தார். அவர்களோ கைதட்டி ஆரவாரித்தனர். மூக்கு வடிகிறதென்று எந்நாளும் ஏசப்பட்ட பிள்ளைகள் அவர்கள். எப்படித் துடைப்பதென்று அன்றுவரை ஒருவரும் அமைதியாகக் கற்றுக்கொடுத்ததில்லை. தாயகத்தில் ஆசிரியத் தொழில் புரிந்த காலத்தில் நாமும் மேசைமீது பிரம்பு வைத்திருந்தவர்களே. எழுத்துப் பிழைத்த பிள்ளையின் கையில் அடித்திருக்கிறோம். ஆனால் அந்த எழுத்தை எங்ஙனம் தொடங்கி எங்ஙனம் முடிப்பதென்று அருகிருந்து காட்டினோமா என எண்ணிப் பார்க்கும்போது, ஆம் என்று கூற நமக்குத் துணிவில்லை. இதனை எழுதுவதில் நமக்கு வெட்கமுண்டு. எனினும் மறைப்பதிற் பயனில்லை.

விரலால் அறிந்த எழுத்து

சன் லொரென்சோவின் தாய்மார் தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் வேண்டுமெனக் கேட்டனர். மொண்டிசோரி மண்ணொட்டிய கரடுமுரடான கடதாசியில் எழுத்துகளை வெட்டி அட்டைகளில் ஒட்டினார். பிள்ளைகள் ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுத்தின் வடிவை விரலாற் தடவினர். சில மாதங்களின் பின் ஒரு நாள், மாடியிற் சுண்ணக்கட்டியாற் படம் வரைந்துகொண்டிருந்த சிறுவனொருவன் தானாகவே ஒரு சொல்லை எழுதினான். கை என்னும் பொருள்படும் இத்தாலியச் சொல் அது. எழுதிவிட்டேன், எழுதிவிட்டேன் என அவன் கூவ, மற்றைப் பிள்ளைகளும் தரையிலும் கதவுகளிலும் எழுதத் தொடங்கினர். நான்கு வயதுப் பிள்ளைகள் வாசிக்குமுன்னரே எழுதினர்.

நம்மவருக்கு இது புதுமையன்று. விசயதசமி நாளில் அரிசியிற் பிள்ளையின் விரல் பிடித்து ஏடு தொடக்குகிறோம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினர் நம் முன்னோர். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய அன்ட்றூ பெல் என்னும் பாதிரியார் இம்மணலெழுத்து முறையைக் கண்டு மேற்கொண்டு, 1797 ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட நூலில் அதனை விவரித்தார். அதனால் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பலரும் மணற்றட்டில் எழுதக் கற்றனர். தமிழ்நாட்டு மணல் அன்றே இந்நகருக்கு வந்துவிட்டது எனலாம்.

புகழும் கண்டனமும்

1909 இல் மொண்டிசோரி தம் முறையை நூலாக வெளியிட்டார். 1912 இல் அது ஆங்கிலத்தில் வந்தது. 1913 இல் அமெரிக்கா சென்றபோது பெருங்கூட்டம் அவரை வரவேற்றது. 1919 இல் இலண்டனுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். கண்டனங்களும் எழுந்தன. வில்லியம் கில்பற்றிக் என்னும் அமெரிக்கக் கல்விப் பேராசிரியர் 1914 இல் ஒரு நூலெழுதி, இம்முறையிற் கற்பனை விளையாட்டுக்கு இடமில்லை, பிள்ளைகள் கூடிச் செய்யும் முயற்சிக்கும் இடம் போதாது எனக் குறை கூறினார். இக்குறைகளில் உண்மையே இல்லை என நாம் கூறமாட்டோம்.

அவர் வாழ்விலும் துயரும் தவறும் உண்டு. 1898 இல் அவருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். மணமாகாத தாய் என்பதால் அக்காலச் சமூகத்துக்கு அஞ்சி மகனைக் கிராமத்தில் வேறொரு குடும்பத்திடம் வளரவிட்டார். பிறர் பிள்ளைகளுக்காக வாழ்ந்த அவர் தம் பிள்ளையின் மழலையைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. பதினைந்து வயதளவிலே மகன் தாயிடம் வந்து சேர்ந்து, பின்னர் அவர் பணிக்குத் துணைநின்றார். மேலும், 1924 முதற் சில ஆண்டுகள் முசோலினியின் ஆதரவை அவர் ஏற்றுக்கொண்டார். தம் பாடசாலைகள் பெருகும் என நம்பினார். சர்வாதிகாரியின் கட்டளைகளுக்கு முற்றிலும் பணிய மறுத்தமையால் 1934 இல் அவ்வுறவு முறிந்தது. இத்தாலியில் அவர் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் நாசிகள் அவற்றை மூடினர்.

போரும் பிள்ளைகளும்

முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே போரினாற் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப்பற்றி மொண்டிசோரி கவலை கொண்டார். போரைக் கண்ட பிள்ளையின் காயம் உடலில் மட்டுமன்று, உள்ளத்திலும் உண்டு. அதற்கும் மருந்து வேண்டும் எனக் கருதினார். போர்க்களத்துக் காயங்களுக்குச் செஞ்சிலுவை இருப்பதுபோல், பிள்ளைகளின் உள்ளக் காயங்களுக்கு வெண்சிலுவை என்னும் அமைப்பு வேண்டுமென 1917 இல் திட்டம் வகுத்தார். அது அவர் எண்ணியவாறு நிறைவேறவில்லை. இற்றைக்கு நூறாண்டுக்கு முன் அவர் கூறியதன் உண்மையைக் கண்ணாற் கண்டவர்கள் நாம். வெடியோசை கேட்டு மேசையின் கீழ் ஒளித்த பிள்ளைகள், இடம்பெயர்ந்து வந்து மரநிழலில் இருந்து படித்த பிள்ளைகள், கொப்பி பென்சில் கிடைத்தவுடன் முகம் தெளிந்ததை நாம் அறிவோம். ஒழுங்கான நேரம், கைக்கு ஒரு வேலை, அன்பான ஒரு பெரியவர் ஆகிய மூன்றும் அவர்களை மெல்ல மெல்ல மீட்டன.

மொண்டிசோரியும் இடம்பெயர்ந்தவரே. 1916 முதல் பார்சலோனா நகரை இருப்பிடமாகக் கொண்டிருந்தார். 1936 இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது பிரித்தானியக் கப்பலொன்றில் ஏறித் தப்பி இங்கிலாந்துக்கு வந்து, பின்னர் ஒல்லாந்திற் குடியேறினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு.

அடையாற்றின் ஓலைக்குடில்கள்

இந்தியாவோடு அவர் தொடர்பு முன்பே தொடங்கியிருந்தது. 1931 இல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தியடிகள், கிழக்கு இலண்டன் போ பகுதியிலுள்ள கிங்ஸ்லி மண்டபத்தில் ஏழைத் தொழிலாளரிடையே தங்கினார். நமது ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ரிக்ற் புகையிரதப் பாதையிற் சில நிலையங்கள் சென்றால் அவ்விடத்தை அடையலாம். அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் காந்தியடிகளும் மொண்டிசோரியும் இலண்டனிற் சந்தித்தனர். ஏழைப் பிள்ளைகளைப்பற்றி இருவருக்கும் இருந்த கவலை ஒன்றே.

1939 ஆம் ஆண்டின் இறுதியில், பிரம்மஞான சபைத் தலைவர் ஜோர்ஜ் அருண்டேல், அவர் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, அறுபத்தொன்பதாம் வயதில் மகன் மாரியோவுடன் சென்னை அடையாறு வந்தார். சில மாதங்களில் திரும்புவதே எண்ணம். ஒல்கொட் தோட்டத்தில் ஓலைக்குடில்கள் அமைத்து, இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் வந்த முந்நூறு பேரளவிலான ஆசிரியர்களுக்கு வகுப்பு நடைபெற்றது. தாயார் இத்தாலிய மொழியிற் பேச, மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 யூன் மாதம் இத்தாலி பிரித்தானியாவுக்கு எதிராகப் போரில் இறங்கியது. முசோலினியாற் பாடசாலைகளை இழந்த அவர், அதே முசோலினியின் நாட்டவர் என்பதால் இந்தியாவிற் பகைநாட்டவராகக் கருதப்பட்டார். மாரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார்; அம்மையார் சபையின் வளவுக்குள் இருக்கப் பணிக்கப்பட்டார். பிறந்த நாட்டின் பெயரால் ஐயுறப்படுதல் என்ன துன்பம் என்பதை நம் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் 31 ஆம் நாள், அவரது எழுபதாம் பிறந்த நாளன்று, மாரியோ விடுவிக்கப்பட்டார்.

போர் முடியும்வரை இந்தியாவை விட்டு வெளியேற இயலாத நிலையில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். அங்கே பல நாட்டுப் பிள்ளைகள் அடங்கிய சிறிய பாடசாலையொன்று நடந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன அவருக்குத் துணைநின்றார். மலைச் செடிகளையும் பூச்சிகளையும் கண்டு, உலகம் முழுவதும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளது என்பதை ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உணர்த்தும் பாடங்கள் அங்கே உருவாயின. 1944 இல் இலங்கைக்கும் சென்று பயிற்சி வகுப்பு நடத்தினார். பாலர் வகுப்பை மொண்டிசோரி என்றே நம் நாட்டிற் பலர் சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்ததென்பதை இப்போது மாணவர் அறிந்துகொள்ளலாம்.

நம் நாட்டுத் தாய்மார் குழந்தையை இடுப்பிலே சுமந்தபடி சந்தைக்குச் செல்வதையும், அக்குழந்தை அங்கே பேசப்படும் பேச்சையெல்லாம் கேட்டுக் கொண்டிருப்பதையும் அம்மையார் உற்று நோக்கினார். பெரியவர்கள் முயன்று கற்கின்றனர். சிறு குழந்தையோ நீரை உறிஞ்சும் பஞ்சுபோலச் சூழலை, முக்கியமாக மொழியை, தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. பிறப்பு முதல் ஆறு வயதுவரை இவ்வாற்றல் மிகுந்திருக்கும் என்பதே அவர் கொள்கை. இதனை விளக்கும் நூல் 1949 இல் வெளிவந்தது. அது முதலில் அச்சேறிய இடம் இலண்டனுமன்று, உரோமாபுரியுமன்று, சென்னை அடையாறே.

ஆராய்ச்சி கூறுவது யாது?

மொண்டிசோரி கண்ணாற் கண்டு கூறியவர். பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுச் சோதித்தவரல்லர். ஆதலின் பின்வந்தோர் ஆராய்ச்சிகளையும் நாம் பார்த்தல் வேண்டும்.

1984 இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஜெனற் வேர்க்கர், றிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் ஆங்கிலம் பேசும் வீட்டுக் கைக்குழந்தைகளைச் சோதித்தனர். இந்தி மொழியிலுள்ள தகர, டகர ஒலி வேறுபாட்டை ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் கண்டறிந்தன. பத்து முதற் பன்னிரண்டு மாதக் குழந்தைகளிற் சிலவே கண்டறிந்தன. கேளாத ஒலியைச் செவி கைவிடத் தொடங்கிவிடுகிறது. தமிழிலும் இவ்விரு ஒலிகள் உள. நம் வகுப்பிற் பத்து வயதில் முதன்முதலாக வந்து சேரும் பிள்ளை பத்துக்கும் பட்டுக்கும் வேறுபாடு அறியாது தடுமாறுவதன் காரணம் இதனாற் புலனாகும். பின்னர்க் கற்க இயலாது என்பதன்று; மிகுந்த பயிற்சி வேண்டும் என்பதே பொருள்.

2003 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரிற் பற்றிசியா கூல் என்பவரும் அவர் குழுவினரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தனர். நேரில் இருந்து விளையாடியும் வாசித்தும் பேசியவரிடமிருந்து குழந்தைகள் அவ்வொலிகளைக் கற்றுக்கொண்டன. அதே பேச்சைத் தொலைக்காட்சித் திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகள் கற்கவில்லை. தமிழ்த் தொலைக்காட்சி நாள் முழுதும் ஓடுகிறது, ஆகவே பிள்ளைக்குத் தமிழ் வந்துவிடும் என நம்பும் பெற்றோர் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

இனி, இரு மொழியாற் குழப்பம் உண்டாகுமா? 1923 இல் வேல்ஸ் நாட்டில் சேர் என்பவர் ஏறத்தாழ 1,400 பிள்ளைகளைச் சோதித்து, நாட்டுப்புறங்களில் இரு மொழி பேசும் பிள்ளைகள் அறிவுத்திறனிற் பின்தங்கினர் என எழுதினார். இன்றும் சிலர் வாயில் வழங்கும் அச்சத்துக்கு இத்தகைய பழைய ஆராய்ச்சிகளே வேர். ஆனால் அவருடைய கணக்கிலேயே நகரத்துப் பிள்ளைகளிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. அப்படியாயின் பின்தங்கியமைக்குக் காரணம் மொழியா, நாட்டுப்புற வாழ்க்கை நிலையா? ஒப்பானவற்றையே ஒப்பிடல் வேண்டும் என்னும் விதி அங்கே கைக்கொள்ளப்படவில்லை. 1962 இல் மொன்றியல் நகரில் எலிசபெத் பீல், வலஸ் லம்பேர்ட் ஆகியோர், ஒத்த பொருளாதார நிலையுள்ள பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தோரே பிரெஞ்சு மட்டும் அறிந்தோரைவிடச் சிறந்து விளங்கினர். இதிலும் ஒரு குறையுண்டு. இரு மொழியிலும் வல்ல பிள்ளைகளையே அவர்கள் தெரிந்தெடுத்தனர். ஆகவே இரு மொழி கற்றால் அறிவு பெருகும் என அடித்துக் கூறுவதும் மிகையாகும். அதனைப்பற்றி ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இரு மொழிப் பிள்ளைக்கு ஒரு மொழியிலுள்ள சொற்கள் சிறிது குறைந்திருத்தலும் கூடும். இரண்டையும் கூட்டினாற் குறைவிராது. வீட்டு மொழியைப் பேணுவதால் அறிவு குழம்பும் என்னும் அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதே நாம் உறுதியாகக் கூறக்கூடியது.

மொண்டிசோரி முறையையும் பின்வந்தோர் சோதித்தனர். 2006 இல் ஆஞ்சலின் லில்லார்ட் முதலானோர், அமெரிக்காவின் மில்வோக்கி நகரிற் சீட்டுக் குலுக்கலில் அப்பாடசாலைக்குத் தெரிவானவர்களையும் தெரிவாகாதவர்களையும் ஒப்பிட்டனர். ஐந்து வயதளவில் மொண்டிசோரிப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் பிறரோடு பழகுவதிலும் மேம்பட்டிருந்தனர். அது ஒரு நகரத்தில் நடந்த சிறிய ஆய்வே எனினும், பெற்றோரின் விருப்பம் என்னும் வேறுபாட்டைக் குலுக்கல் நீக்கியமையால் மதிக்கத்தக்கது.

இறுதிக் காலம்

1946 இல் ஐரோப்பா திரும்பிய அம்மையார் மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இந்திய மண்ணில் அவரிடம் பயின்றனர். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. ஆபிரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்களைப் பயிற்றும் எண்ணத்தோடிருந்த வேளையில், 1952 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள், ஒல்லாந்தின் கடற்கரையூரான நோர்ட்விக்கில் எண்பத்தொன்றாம் வயதிற் காலமானார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பெற்றோர்களே, அவர் வரலாற்றை எழுதியதன் நோக்கத்தை இனிக் கூறி முடிப்போம். உங்கள் குழந்தையோடு தமிழிற் பேசுங்கள். சமைக்கும்போதும், குளிப்பாட்டும்போதும், ஹை ஸ்ட்ரீற் நோர்த் கடைகளில் மரக்கறி தெரிவு செய்யும்போதும் முகம் பார்த்துப் பேசுங்கள். ஞாயிறு வகுப்பின் இரண்டு மணி நேரத்தால் மட்டும் ஒரு மொழி வாழாது. நாமும் நம் கடனைச் செய்வோம். இவ்வாண்டு முதற் பாலர் வகுப்பில் மணற்றட்டு வைத்து எழுத்துப் பழக்கத் தொடங்கியுள்ளோம். பிழைத்த எழுத்தைச் சிவப்பு மையால் வெட்டுமுன், பிள்ளையின் அருகே அமர்ந்து விரல் பிடித்து ஒருமுறை எழுதிக் காட்டுகிறோம்.

மாணவச் செல்வங்களே, சின்னஞ்சிறு பிள்ளைகளிடமிருந்து கற்கலாம் என்று நம்பிய ஒரு பேராசிரியை வாழ்ந்தார் என்பதை மறவாதிருங்கள். உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ ஒரு வேலையில் மூழ்கியிருக்கக் கண்டால், அதனைக் குழப்பாது சற்றே நின்று பாருங்கள். அம்மையார் சன் லொரென்சோவிற் கண்டதை நீங்களும் காண்பீர்கள்.